ரேணுகாம்பாள் எழுதிய காரணங்கள்

அரசாங்கக் காகிதங்களின்படி ரேணுகாம்பாளுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவும் உண்டு. காகிதத்துக்கு வெளியே, பீர்க்கன்கரணையில், அந்த அப்பா அரிகிருஷ்ணன் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் வரை மிதிப்பார். கத்தரிக்காய் விலை குறித்து யாரோடாவது சண்டை போட்டுவிட்டு, வெறும் பையோடு திரும்பி வருவார். குழந்தை பிறக்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் ரேணுகாம்பாள் தன் இளமையின் நல்ல பகுதியை ஆராய்ச்சியில் செலவிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சி நத்தைகளைப் பற்றியது. பீர்க்கன்கரணை, செம்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகளில் எந்த நத்தை எந்த மாதத்தில் முட்டையிடுகிறது, கோடையில் எந்தச் சேற்றுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்பதையெல்லாம் அவள் தேடினாள். குடும்பம் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். அவள் எம்.எஸ்ஸி. முடிப்பதற்குள் வயலில் நெல்லுக்குப் பதில் கல் முளைத்துவிட்டது. அண்ணன் ஜெயவேலு சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டு, மனைகளுக்கு எண் போட்டு, நகர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். சாமி பெயர்கள் தீர்ந்துபோய்த் தலைவர்களின் பெயர்களுக்கு வந்திருந்தான். தங்கையின் ஆராய்ச்சியைப் பற்றி அவனுக்கு மரியாதை இருந்தது. கால அளவைப் பற்றித்தான் கவலை.

"ஏரி கீற வரைக்கும்தாம்மா உன் நத்தை. சட்டுபுட்டுனு முடிச்சுக்க," என்பான்.

எண்பத்திரண்டில் தில்லியிலிருந்து முனைவர் ஆய்வுக்கான உதவித்தொகை கிடைத்தபோது அம்மா முத்தாலம்மாள் தெருவில் நின்று சிரித்தாள். "நத்தை பொறுக்குறதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குதாம்! நம்ம வூட்டு வாத்துங்க காலம்பூரா பொறுக்குச்சே, எவன் குடுத்தான்?"

சிட்லபாக்கம் ஏரிக்கு எதிரில் அப்போது ஒரு சிறிய உயிரியல் ஆய்வு மையம் இருந்தது. இப்போது அதே கட்டடம் கல்யாண மண்டபம். நுண்ணோக்கிகள் இருந்த அறையில் பந்தி பரிமாறுகிறார்கள். அந்த மையத்தில் பேராசிரியர் ஸ்ரீநிவாசன்தான் ரேணுகாம்பாளின் நெறியாளர். அவர் நல்லவர். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்ல இடம் கிடைக்காது. மாணவர்களிடம் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. முழங்கால் சேற்றில் அவளோடு நின்று சல்லடை பிடித்திருக்கிறார். தன் டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சம் சாதத்தைப் பாதி கொடுத்து, "சாப்பிடாம நத்தையைப் பார்த்தா நத்தையும் சோறா தெரியும்மா," என்று சிரிக்க வைத்திருக்கிறார். வீட்டில் யாரும் கேட்காத கேள்விகளை, உனக்கு என்ன தோன்றுகிறது என்பது போன்றவற்றை, முதன்முதலில் அவளிடம் கேட்ட ஆள் அவர்தான்.

எண்பத்தைந்தில் அவருக்கும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. இரண்டு வருடம் மேற்கு ஜெர்மனி. அதற்குள் ரேணுகாம்பாள் மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்திருந்தாள். "குடும்மா, அங்கே நிம்மதியா படிச்சுத் திருத்தி அனுப்பறேன்," என்று வாங்கிக்கொண்டார். அவள் அதைச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். நெல் மூட்டைக்கு அரிகிருஷ்ணன் போடும் முடிச்சு அது. ஒரு நுனியை இழுத்தால் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். அவிழ்த்தபின், பழகாத கைக்குத் திரும்பப் போட வராது.

ஜெர்மனியிலிருந்து பனி பெய்யும் படங்களோடு அட்டைகள் வந்தன. இரண்டாம் அத்தியாயம் பிரமாதம் என்று ஒன்றில் இருந்தது. எண்பத்தேழில் ஸ்ரீநிவாசன் திரும்பி வந்தார். கட்டும் திரும்பி வந்தது, அதே முடிச்சோடு. ரேணுகாம்பாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு படித்தவர், ஒரு முடிச்சையா கற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்த ஆண்டோடு உதவித்தொகைக்கான ஐந்தாண்டு முடிந்தது. மேலும் ஓராண்டு வேண்டுமென்றால், தாமதம் ஏன் என்று நெறியாளர் தில்லிக்கு எழுத வேண்டும். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவரைப் பற்றி நெறியாளர் எழுத வேண்டிய மதிப்பீட்டை மாணவரே எழுதுவார். நெறியாளர் கையெழுத்துப் போடுவார். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் கிடையாது. பெரியவர்களுக்கு நேரம் இல்லை, சின்னவர்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். தன்னைப் பற்றித் தானே, இன்னொருவர் குரலில், புகழவும் கூச்சப்பட்டு இகழவும் பயந்து எழுதுவதால், நாட்டின் ஆய்வாளர்கள் அத்தனை பேரும் 'திருப்திகரமாக' இருந்தார்கள். ஸ்ரீநிவாசன் நல்ல மனநிலையில் இருந்தால் பேனாவால் 'மிகவும்' என்று சேர்ப்பார்.

"சார், தாமதத்துக்குக் காரணம்னு கேட்டிருக்காங்க. நீங்க வெளிநாட்டுல இருந்தீங்கன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

ஸ்ரீநிவாசன் சிரித்தார். "தாராளமா எழுதலாம். ஆனா கீழே கையெழுத்துப் போடறது நான். என் தாமதத்துக்கு நானே கையெழுத்துப் போட்டா பார்க்கிறவன் என்னம்மா நினைப்பான்? வீட்டுக் காரணம் ஏதாவது போடு. வீட்டுக் காரணத்தை எவனும் கேள்வி கேட்க மாட்டான்."

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் சார் இருக்காங்க."

"நன்னா இருக்கட்டும். பேப்பர்லதானேம்மா?"

ரேணுகாம்பாள் அன்று மாலை நாலு வரியில் தன் அப்பாவைப் படுக்கையில் தள்ளினாள். நீட்டிப்பு வந்தது. மாம்பழக் காலத்தில் அரிகிருஷ்ணன் ஒரு பை நிறையப் பழங்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சிட்லபாக்கத்துக்கே வந்து இறங்கினார். வாசலில் எதிர்ப்பட்ட ஸ்ரீநிவாசன் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உண்மையான அக்கறையோடு, "இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"எனுக்கு இன்னா சார், கல்லு கணக்கா கீறேன்," என்றார் பக்கவாதக்காரர்.

அதே வருடம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிட்டிபாபு, உள்ளூர்ப் பையன், தாம்பரத்தில் ரயில்வே வேலை. பெண்ணுக்கு டாக்டர் பட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு அவன் பயப்படவில்லை. ஷெட்டில் கூட வேலை செய்பவர்களிடம் அப்போதே 'நம்ம டாக்டர்' என்று பேச ஆரம்பித்துவிட்டான். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே ரேணுகாம்பாள் செம்பாக்கம் ஏரியில் சேற்றில் நின்றாள். ஸ்ரீநிவாசன் இப்போது மையத்தின் இயக்குநர். அவருடைய வகுப்புகளை அவள் எடுத்தாள், விடைத்தாள்களை அவள் திருத்தினாள், ஒரு கருத்தரங்குக் கட்டுரைக்கு அவளுடைய செம்பாக்கம் விவரங்கள் உதவின. கடைசி வரியில் நன்றி என்று அவள் பெயர் வந்தது. அத்தியாயங்கள் அவர் மேஜையின் ஓரத்தில் இருந்தன. மேஜை பெரியது.

எண்பத்தெட்டில் மறுபடியும் நீட்டிப்பு.

"அப்பாவே திரும்பவும்னா நம்ப மாட்டான்," என்று ஸ்ரீநிவாசன் யோசித்தார். "கல்யாணம் ஆயிடுத்தில்லையா? அப்புறம் இயல்பா என்ன வரும்?"

ரேணுகாம்பாளுக்கு முகம் சிவந்தது. "சார், அதெல்லாம் இன்னும்..."

"பேப்பர்லதானேம்மா," என்றார், தகப்பனைப் போல.

எழுதினாள். கார்பன் நகல் அலமாரியில் சிட்டிபாபு கண்ணில் பட்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அதைப் படித்தான்.

"இன்னா ரேணு, என்கிட்ட சொல்லாத டெல்லிக்கு சொல்லிட்டியா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவன் நகலை மடித்து அலமாரியிலேயே திரும்ப வைத்தான். கர்ப்பம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த வருடம் பிரசவம் எழுதித்தான் ஆக வேண்டும். எண்பத்தொன்பதில் அவள் கைக்குழந்தைக்காரியானாள்.

"பொண்ணா, பையனா?" என்றான் சிட்டிபாபு.

"பொண்ணு."

"பேரு?"

"பேரு கேக்கலை."

உள்ளறையில் மாமியார் கங்கையம்மாள், கோயிலில் கட்டுவதற்காக, மரத்தொட்டிலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அது அவள் கட்டும் எத்தனையாவது தொட்டில் என்று வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இதற்குள் ரேணுகாம்பாளுக்கு இந்தக் கலையில் ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. மையத்தின் இளைய ஆய்வாளர்கள் அவளிடம் வந்து காரணம் வாங்கிப் போனார்கள். முட்டுக்காட்டு இறால்களை ஆராய்ந்துகொண்டிருந்த அமலராணி ஒருநாள் படிவத்தோடு வந்து நின்றாள். அவளுக்கும் ஸ்ரீநிவாசன்தான் நெறியாளர்.

"அக்கா, எனக்கு ஒரு காரணம் குடுங்களேன்."

"நெஜக் காரணம் என்ன?"

"சார் பையனுக்கு டென்த் பரீட்சை. அவனுக்கு நான்தான் பயாலஜி சொல்லித் தரேன். என் இறாலெல்லாம் தொட்டியில செத்துப்போச்சு."

"அது ஆகாது. வீட்ல யாருக்காவது உடம்பு?"

"எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. எனக்குத்தான் தலைவலி."

"மாமியார்?"

"கல்யாணமே ஆகலையேக்கா!"

"அப்போ கல்யாண ஏற்பாடுன்னு போடு. ரெண்டு வருஷம் தாங்கும். நடுவுல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச்சு மாறிட்டாங்கன்னா இன்னொரு வருஷம்."

அமலராணி எழுதிக்கொண்டாள். "நெஜமா எப்போக்கா நடக்கும்?"

"அதுக்கு வேற ஃபாரம்," என்றாள் ரேணுகாம்பாள்.

தொண்ணூறில் தில்லிக்கு ஒரு சந்தேகம் வந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முடிப்பதில்லை. முடிப்பவர்களும் காலத்தில் முடிப்பதில்லை. பணம் வீணாகிறதா, என்ன செய்யலாம் என்று திட்டத்தை மதிப்பிடப் பகுதிக்கு ஒரு குழு போட்டார்கள். தென்பகுதிக் குழுவுக்குத் தலைவர் ஸ்ரீநிவாசன்.

அவர் ரேணுகாம்பாளைக் கூப்பிட்டனுப்பினார். "இதை ஒழுங்கா செய்ய இங்கே உன்னை விட்டா ஆள் இல்லை. ஃபைலையெல்லாம் பார்த்துத் தொகுத்துக் குடு. இது முடிஞ்ச கையோட உன் தீசிஸ்தான். உட்கார்ந்து, படிச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். சத்தியம்."

அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஆய்வேடு முழுவதும் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. அந்த வருடம் இன்னும் ஒரே ஒரு நீட்டிப்பு; அதற்குள் அவர் படித்துக் கையெழுத்திட்டால் பட்டம். இல்லையென்றால் பதிவு செத்துப்போகும். அதோடு எட்டு மழைக்காலத்து நத்தைகளும்.

பல ஊர்களிலிருந்து இரும்புப் பெட்டிகளில் கோப்புகள் வந்திறங்கின. கோடை முழுக்க மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அவள் காரணங்களைத் தொகுத்தாள். அந்தக் காகிதங்களை நம்பினால், ஆராய்ச்சி செய்யும் பெண்களின் வீடுகளாகப் பார்த்து ஏதோ கொள்ளைநோய் புகுந்திருக்க வேண்டும். அப்பாக்கள் வரிசையாக விழுந்திருந்தார்கள். மாமியார்கள் ஊருக்கு ஊர் படுத்திருந்தார்கள். முன்பின் பார்த்திராத ஊரிலிருந்து வந்த ஒரு கோப்பில் 'தவிர்க்கவியலாத குடும்பச் சூழ்நிலை' என்ற அவளுடைய சொந்த வாக்கியம் கமா பிசகாமல் உட்கார்ந்திருந்தது. யாரோ யாருக்கோ கொடுத்து அது அவ்வளவு தூரம் போயிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, எல்லா ஊரிலும் இதே வழக்கம்தான் என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இதை அப்படியே கூட்டிப் போட்டா மொத்தமும் பொய்யாயிடும்," என்று ஸ்ரீநிவாசனிடம் போய்ச் சொன்னாள். "காரணம் எல்லாம் நாங்களே எழுதினது. உங்களுக்கே தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெகிழ்ந்துதான் போனார். "இதைச் சொல்ல ஒருத்தி வேணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். போ. போய் நேர்ல கேட்டு உண்மையை எழுதிண்டு வா. தனி அட்டவணை போட்டுடுவோம்."

பழைய மரியாதை முழுவதும் ஒரே நொடியில் அவளுக்குத் திரும்பி வந்தது. அந்த முடிச்சைக்கூட மன்னித்துவிட்டாள்.

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலுமாக அலைந்தாள். பாதியில் விட்டவர்கள், இன்னும் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரையும் தேடிப் போனாள். கூடுவாஞ்சேரியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முதலில், "குடும்பச் சூழ்நிலைதான், எழுதிக்குங்க," என்றாள். ரேணுகாம்பாள் தன் கைக்குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எங்க கைடு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை முழுக்க நான்தாங்க விலாசம் எழுதினேன். அப்புறம் அவருக்கும் டிபார்ட்மெண்ட் ஹெட்டுக்கும் சண்டை. என் தீசிஸ் நடுவுல மாட்டிக்கிச்சு. இதை நீங்க கேக்கறதால சொல்றேன். என் பேரு வரக் கூடாது."

வராது என்று சத்தியம் செய்தாள் ரேணுகாம்பாள். எல்லோரிடமும் அப்படித்தான் செய்தாள். எங்கேயும் ஏறக்குறைய ஒரே கதைதான்: நெறியாளர் வெளிநாடு போனார், நெறியாளர் வீடு கட்டினார், நெறியாளர் புத்தகம் எழுதினார், அதை மாணவர் எழுதினார். எல்லாவற்றையும் பெயரில்லாமல் தொகுத்து, அட்டவணை போட்டு, சணலால் கட்டி ஸ்ரீநிவாசன் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் அதே முடிச்சு விழுந்தது.

ஐப்பசி மழையில் மையத்தின் கூடத்தில் அறிக்கை வெளியிடும் கூட்டம் நடந்தது. தில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கும்பகோணத்துக்காரர், வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் இளகிய முகமுமாக இருந்தார். சைக்ளோஸ்டைல் செய்த பிரதிகளைக் கொடுத்தார்கள். ரேணுகாம்பாள் பின்வரிசையில் அமலராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் அட்டவணையைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாள். முன்னாலிருந்து தேடினாள். பின்னாலிருந்து தேடினாள்.

பெண் ஆய்வாளர்களின் தாமதத்துக்கு முதன்மைக் காரணம் குடும்பப் பொறுப்புகளே என்றது அறிக்கை. எனவே ஐந்தாண்டுக்கு மேல் நீட்டிப்பு அளிப்பது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். இத்தகைய சூழலிலும் நெறியாளர்கள் காட்டிவரும் பொறுமை பாராட்டத்தக்கது. அதற்கும் கீழே, அவளுடைய கோடை முழுவதற்கும் ஒரு வரி: 'நேரில் எடுக்கப்பட்ட பேட்டிகளும் இம்முடிவை உறுதிசெய்கின்றன.' கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நன்றி.

அவள் எழுந்து நின்றாள். அப்படி நிற்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

"சார், நான் எடுத்த பேட்டி இதை உறுதி செய்யலை. என் டேபிள் இதுல இல்லை."

கூடம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "நீங்கதான் ரேணுகாம்பாளா? உங்க ஃபைலையும் பார்த்தேன். கைக்குழந்தையை வெச்சுண்டு இவ்வளவு அலைஞ்சிருக்கேளே! குழந்தை சௌக்கியமா?"

"எனக்குக் குழந்தையே பொறக்கலை சார். அது நீட்டிப்புக்காக எழுதினது. எங்க அப்பாவும் நல்லாத்தான் இருக்காரு. இந்த அறிக்கையில இருக்கற எல்லாமே அப்படித்தான்..."

ஸ்ரீநிவாசன் எழுந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். அதிகாரியின் பக்கம் குனிந்து, ஆனால் முதல் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி, "பாவம் சார். போன வருஷம் அந்தக் குழந்தை தவறிடுத்து. அதுலேர்ந்து சில சமயம் இப்படித்தான், பொறக்கவே இல்லைன்னு பேசுவா. நாம அதைக் கேட்டிருக்க வேண்டாம்," என்றார்.

அதிகாரியின் கண்கள் கலங்கிவிட்டன. "மன்னிச்சுக்கோம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண்மணி தோளை அணைத்து உட்கார வைத்தார். தன்னைப் பொய்க்காரி என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அப்பாவின் ரத்தம் அது. இத்தனை இரக்கத்தை எதிர்த்து எப்படிக் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அமலராணியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுடைய ஆய்வேடு அந்த மாதம்தான் ஸ்ரீநிவாசனின் கையெழுத்துக்குப் போயிருந்தது. அமலராணி குனிந்து, அறிக்கையின் ஏதோ ஒரு பக்கத்தை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்ரீநிவாசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கோபமா இருப்பே. இருக்கட்டும். நான் குறுக்கே பேசலைன்னா என்ன ஆகியிருக்கும் சொல்லு? பொய்க் காரணம் குடுத்து அரசாங்கத்தை ஏமாத்தினதா உன் மேலதான் வந்திருக்கும். உன்னைக் காப்பாத்தினேம்மா."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"என் டேபிளை ஏன் சார் எடுத்துட்டீங்க?"

"எடுக்கலைம்மா. பார்த்தேன், ரொம்ப நன்னா பண்ணியிருக்கே. ஆனா நெறியாளர்களைப் பத்தி நெறியாளர்கள் குழுவே அப்படி எழுத முடியுமா?" என்றவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அதை விடு. அந்த மனுஷர் உருகிப்போயிட்டார். நீட்டிப்பே கிடையாதுன்னு ஆனாலும், உனக்கு மட்டும் விதிவிலக்கா ஒரு வருஷம் குடுக்கத் தயாரா இருக்கார். ஒரு விண்ணப்பம் வேணும். குழந்தை எப்படித் தவறித்துன்னு நாலு வரி. நீயே எழுதிண்டு வா, நான் கையெழுத்துப் போடறேன். உன் தீசிஸையும் இந்த மாசமே பார்த்துடறேன்."

அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் அவளுடைய பேட்டிக் கட்டு இருந்தது, கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே. அரிகிருஷ்ணனின் முடிச்சு. ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் போதும் என்பது போல. அதற்குப் பக்கத்தில் ஆய்வேடு. அதிலும் அதே முடிச்சு.

அறைக்குள் இருந்த ஏணி ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டாள். "எழுதிப் பார்க்கறேன் சார்," என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்தாள். அப்பாவைச் சாய்க்க நாலு வரி போதுமாக இருந்தது அவளுக்கு. ஊரார் வீட்டு மாமியார்களை எல்லாம் ஒரு மூச்சில் படுக்க வைத்தவள். 'என் மகள்' என்று எழுதினாள். அடுத்த சொல் வரவில்லை. காய்ச்சல் என்று போடலாமா, ஏரியில் என்று போடலாமா? ஏரி என்றதும் அவளுக்கு அந்தக் கரை, அந்தச் சேறு, அதில் நத்தைகள் ஒளியும் இடம் எல்லாம் தெரிந்தன. பேனாவை மூடினாள்.

சிட்டிபாபு எதிரில் வந்து குந்தினான். "எழுதேன் ரேணு. ஒரு வருசம்தானே? பட்டம் வந்துரும். இல்லாத கொழந்ததானே?"

"பொறந்ததையும் நான்தான் எழுதினேன். செத்ததையும் நானேதான் எழுதணுமா?"

"அதுக்கில்ல..."

"உள்ள உங்க அம்மா தொட்டிலுக்கு மஞ்சள் பூசிக்கினு கீறாங்க. வேணும்னா நீ எழுது. எழுதிட்டு அவங்ககிட்ட படிச்சுக் காட்டு."

அவள் அவனிடம் அந்த ஊர்ப் பேச்சில் பேசுவது கோபம் வந்தால்தான். சிட்டிபாபு அந்தத் தாளை எடுத்தான், அந்த இரண்டு சொற்களைப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஷெட்டில் அதற்குப் பிறகு அவன் 'நம்ம டாக்டர்' என்று பேசியதாக யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பம் போகவில்லை. ஆண்டு முடிந்ததும் பதிவு காலாவதியாகிவிட்டதென்று ஒரு தபால் வந்தது. அறிக்கையின் பரிந்துரையால் நின்றுபோன முதல் நீட்டிப்பு, அந்த அறிக்கைக்காகக் கோடையெல்லாம் அலைந்தவளுடையது. ஸ்ரீநிவாசனுக்கு அதில் மெய்யான வருத்தம். நல்ல பெண், வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தைமாதம் அமலராணி இனிப்புப் பெட்டியோடு பீர்க்கன்கரணைக்கு வந்தாள். அவளுக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது. பெட்டியைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் எழுந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா, பாவம், இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு, அந்தத் துக்கத்துல பேசறான்னு சொல்லியிருப்பாரு," என்றாள் ரேணுகாம்பாள். "நான்தானே அந்தக் கல்யாணத்தை ஏற்பாடு பண்ணினேன். குடு, என்ன வாங்கியிருக்கே, மைசூர்பாகா?"

அமலராணி அழுதாள். ரேணுகாம்பாள் அவளைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அமலராணி அந்தப் பக்கம் வரவில்லை.

கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரேணுகாம்பாளுக்கு உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தது. அண்ணன் ஜெயவேலு ஏரிக்கரையை ஒட்டிய கடைசித் துண்டுக்கும் கல் நட்டுவிட்டு, அந்த நகருக்கு அவள் பெயரையே வைக்கலாமா என்று கேட்டான். பாசத்தோடுதான் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள்.

தொண்ணூற்றொன்று பிறந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கணக்கெடுக்க வந்தவர் ஞானையா என்ற ஆரம்பப்பள்ளி வாத்தியார், வெயிலில் களைத்துப்போயிருந்தார். வாசலில் நின்றபடியே அட்டையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார். பெயர், வயது, படிப்பு எல்லாம் ஆயிற்று.

"பிறந்த குழந்தைங்க எத்தனைம்மா?"

"இது எந்த ஆபீசுக்குப் போகுது சார்? டெல்லிக்கா?"

"டெல்லிக்குத்தான். ஏம்மா?"

"ஒண்ணுமில்லை. இதை நீங்கதானே எழுதறீங்க?"

"நான்தாம்மா எழுதணும். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

உள்ளே கங்கையம்மாள் இருமினாள். ரேணுகாம்பாள் வாத்தியாருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இல்லை," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அவள் வீட்டைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் அவள் கையால் எழுதாத முதல் விவரம் அதுதான். அது சரியாகவும் இருந்தது.